வாகரைக் கரையும் தீக்கு இணங்காத துணியும்

மட்டக்களப்பு என்றவுடன் மீன்பாடும் வாவியும் கல்லடிப் பாலமும் நிலவொளியும் நினைவுக்கு வருவது இயல்பு. அங்கு செல்லும் பிரயாணிகளுட் பெரும்பாலோர் அவ்வளவிலே மனநிறைவெய்தித் திரும்பிவிடுகின்றனர். நகரிலிருந்து வடக்கு நோக்கி, திருகோணமலைக்குச் செல்லும் கரையோரப் பெருவீதியில் ஏறக்குறைய 60 கிலோமீற்றர் தூரம் செல்வோமாயின் வேறொரு மட்டக்களப்பைக் காணலாம். கோறளைப்பற்று வடக்குப் பிரிவின் தலைமை ஊராகிய வாகரை அங்கேதான் இருக்கிறது.

ஏறாவூரைக் கடந்து, 1950களில் தொடங்கப்பெற்ற கடதாசி ஆலையினால் பெயர் பெற்ற வாழைச்சேனையையும் கடந்தால், வீதி சிறிது சிறிதாகத் தனிமை கொள்ளுகிறது. காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்று மரத்தின் பெயரும் நீர்நிலையின் பெயரும் கைகோத்து நிற்கும் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வலப்புறம் வங்கக் கடல், இடப்புறம் களப்பு, இரண்டுக்கும் நடுவே நூலிழைபோல் ஓடுகிறது நிலம். பனிச்சங்கேணிப் பாலத்தின்மேல் நின்று பார்ப்பவர்க்குக் கண்டல் மரங்களின் வேர்கள் நீருக்குள் கைவிரல்களை ஊன்றி நிற்பது தெரியும். பாலங்கள் அமையாத பழைய நாளில் இவ்வழியே திருகோணமலை செல்வோர் துறைதோறும் காத்திருந்து ஓடமேறிச் செல்லவேண்டியிருந்தது. வாகரைக்கு அப்பால் பால்சேனை, கதிரவெளி; அதற்கும் அப்பால் வெருகலாறும் அதன் கரையிலே முருகன் கோயிலும் உள்ளன.

இக்கரையோரத்து மக்கள் கடலையும் களப்பையும் காட்டையும் சேனையையும் நம்பி வாழ்பவர்கள். கரையோர வேடர் எனப்படும் பழங்குடியினரும் இங்கே பல சிற்றூர்களில் வாழ்கின்றனர். இவர்களுடைய வீடு நெடுங்காலமாக மண்ணாலும் கம்பாலும் கிடுகாலும் இலுக்கம்புல்லாலும் அமைந்தது. மீன்பிடிக் காலத்தில் கடற்கரையில் எழுப்பும் வாடியும் அத்தகையதே. வெயிலுக்குக் குளிர்ச்சியும் கைக்குச் செலவின்மையும் உடைய அவ்வீட்டுக்கு ஒரே ஒரு பகை உண்டு. அதுதான் தீ.

நீரின் பெயரைத் தாங்கிய ஊர்களிலே நின்றுகொண்டு தீயைப்பற்றிப் பேசுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளுக்குள்ளே வாகரை மக்கள் இரண்டு முறை துணி வீடுகளில் வாழ நேர்ந்தது. துணி வீட்டில் வாழ்ந்தவர்களுக்கன்றோ துணியின் தன்மை தெரியவேண்டும்?

முதலாவது, 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள். அன்று காலை எழுந்த ஆழிப்பேரலை கிழக்குக் கரை முழுவதையும் போலவே வாகரைக் கரையையும் வாரிச் சென்றது. வீடிழந்தவர்களுக்கு உலகின் பல திசைகளிலிருந்தும் கூடாரங்கள் வந்தன. அவற்றுட் சில தடித்த பருத்திக் கித்தான். சில மெல்லிய செயற்கை இழை. பல இடங்களில் வெறுந் தறப்பாள்.

இரண்டாவது, போர். 2006ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் கதிரவெளியிலே பாடசாலையில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் வீழ்ந்து பலர் மாண்டனர். அடுத்து வந்த வாரங்களில் ஆயிரக்கணக்கானோர் வாகரை வைத்தியசாலையைச் சூழ்ந்து தஞ்சம் புகுந்தனர். 2007 ஜனவரியில் சண்டை முடிவுற்றபோது, ஊரே தெற்கு நோக்கிப் பெயர்ந்து முகாம்களில் இருந்தது. பின்னர் ஊர் திரும்பியவர்களுக்கும் முதலில் கிடைத்த கூரை தறப்பாளே. சீலைக்குள்ளே சமையல், சீலைக்குள்ளே உறக்கம், சீலைக்குள்ளே குழந்தையின் அழுகை என்று அவர்களது நாட்கள் கழிந்தன.

‘மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பது’ என்று நம்மவர் ஆறாக் கவலைக்கு உவமை சொல்வார்கள். கூடாரத்தில் வாழும் தாய்க்கு அது உவமையன்று, அன்றாட உண்மை. மாரி காலத்தில் வெளியே அடுப்பு மூட்ட இயலாது. மின்சாரம் இல்லாத இரவில் விளக்கின்றி இருக்கவும் இயலாது. விளக்கு என்றால், வெறும் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட குப்பி விளக்கு. வாடைக்காற்றில் சீலை அசைந்தாலும், உறக்கத்தில் பிள்ளை கால் நீட்டினாலும் அது சாய்ந்துவிடும்.

இக்குப்பி விளக்கின் கொடுமையை நம் நாட்டில் நன்கு உணர்ந்து மாற்றுக் கண்டவர் ஒருவர் உண்டு. அறுவைச் சிகிச்சை நிபுணரான வைத்தியர் விஜய கொடகும்புர, தம்மிடம் வந்த தீக்காய நோயாளிகளைக் கண்டு மனம் வருந்தி, எளிதில் சாயாத ஒரு விளக்கை வடிவமைத்தார். மார்மைட் போத்தலின் உருவமே அவருக்கு வழிகாட்டியதாம். குள்ளமாய், கனமாய், இரு புறமும் தட்டையாய், திருகி மூடும் உலோக மூடியுடன் அமைந்தது அவ்விளக்கு. விலையும் சொற்பம். அதன் பொருட்டு 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அவர் தீயின் பக்கமாக நின்று அதைக் கட்டினார். மறு பக்கத்தில் நிற்பது துணி. அதனையும் கட்ட வழியுண்டா?

உண்டு, அது நேற்றுக் கண்ட வழியுமன்று. அதை விளங்கிக்கொள்ளுமுன் துணி எப்படி எரிகிறது என்பதைச் சற்று அறிந்துகொள்வோம்.

துணி எரிகிறது என்று நாம் சொன்னாலும், சுவாலை விட்டு எரிவது துணியன்று. அதிலிருந்து எழும் ஆவி. பருத்தி இழை ஏறக்குறைய 350 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சிதைந்து, எளிதில் பற்றக்கூடிய ஆவிகளை வெளிவிடுகிறது. அந்த ஆவி எரிந்து உண்டாக்கும் வெப்பம் அடுத்த இழையைச் சிதைக்கிறது. அது மேலும் ஆவியைத் தருகிறது. இவ்வாறு துணி தனக்குத் தானே விறகாகிறது. காற்றிலே பிராணவாயு 100க்கு 21 பங்கு உள்ளது. பருத்திக்கோ 18 பங்கு இருந்தாலே எரிவதற்குப் போதும். கம்பளிக்கு ஏறக்குறைய 25 பங்கு வேண்டும். ஆகையால் கம்பளி சாதாரணக் காற்றில் எளிதில் எரிவதில்லை. தீப்பற்றியவர்மீது கம்பளியைப் போர்த்தும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம். பொலியெஸ்டர் முதலிய செயற்கை இழைகளின் இயல்பு வேறு. அவை உருகி ஒழுகும். உருகிய துளி தோலில் ஒட்டிக்கொண்டு ஆழச் சுடும்.

தீத்தடுப்பு மருந்து செய்வது என்ன? பொஸ்பரஸ் சேர்ந்த உப்பொன்றை ஊட்டிய பருத்தி, சூடேறும்போது பற்றும் ஆவியாக மாறுவதற்குப் பதிலாகக் கரியாகவும் நீராவியாகவும் மாறுகிறது. கரி, துணியின்மேல் ஒரு கவசம்போல் படிகிறது. தீ தன் உணவை இழக்கிறது. தீக்குச்சியை விலக்கியதும் துணியிலுள்ள சுவாலையும் அணைந்துபோகிறது. இதைத்தான் தீக்கு இணங்காத துணி என்கிறோம். தீயவே தீயாத துணி என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அது கருகும், ஓட்டையாகும், பெருந்தீயில் அழியவும் செய்யும். ஆனால் தீயை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தூக்கிச் செல்லாது. உறங்கும் பிள்ளையை வாரியெடுத்துக்கொண்டு வெளியே ஓட ஒரு தாய்க்கு வேண்டியது ஒரு நிமிடம். அந்த நிமிடத்தைத் தருவதே இத்துணியின் தொழில்.

1735ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஒபதையா வைல்ட் என்பவர் படிகாரம், வெங்காரம் முதலியவற்றைக் கலந்து, கித்தானும் கடதாசியும் சுவாலை விட்டெரியாமற் செய்யும் முறைக்கு உரிமம் பெற்றார். பிரெஞ்சு நாட்டிலே நாடக அரங்குகளின் திரைச்சீலைகள் மெழுகுவர்த்தி விளக்குகளால் அடிக்கடி தீப்பற்றின. பதினெட்டாம் லூயி மன்னர் அதற்கொரு பரிகாரம் காணுமாறு கே-லுசாக் என்னும் பேரறிஞரைப் பணித்தார். நவச்சாரம், அமோனியம் பொஸ்பேற்று, வெங்காரம் ஆகியவற்றின் கலவைகள் நல்ல பலன் தருமென்று 1821இல் அவர் எழுதினார். நம் நாட்டு மருந்துக் கடைகளில் பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கும் சரக்குகள் பாரிஸ் நகர நாடகத் திரையைக் காத்தன என்பது கேட்க வியப்பாயில்லையா?

அவ்வுப்புகளுக்கு ஒரு குறை இருந்தது. ஒரு முறை நனைத்தால் கரைந்து போய்விடும். துவைத்தாலும் நீங்காத முறையொன்றை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துப் பேராசிரியர் இளைய பெர்க்கின் கண்டார். குளிர்காலத்தில் ஏழைக் குழந்தைகள் அணியும் மலிவான பஞ்சுத் துணி எளிதில் தீப்பற்றிப் பல உயிர்களைக் கொண்டதே அவருடைய ஆராய்ச்சிக்குக் காரணம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினரின் கூடாரக் கித்தானுக்குக் குளோரின் ஏற்றிய மெழுகும் அந்திமனி ஒட்சைட்டும் பூசப்பட்டன. 1950களில் பருத்தியின் உள்ளேயே பொஸ்பரஸைப் பிணைத்துவிடும் முறைகள் வந்தன. 1960களில், மருந்தின் உதவியின்றி இயல்பாகவே தீக்கு இணங்காத நோமெக்ஸ் என்னும் செயற்கை இழை வந்தது. தீயணைப்புப் படையினரின் மேலங்கி, விமான ஓட்டியின் உடை, உலைக்களத் தொழிலாளியின் சட்டை, நாடக மேடையின் திரை, விடுதியின் சன்னற் சீலை, வைத்தியசாலைப் படுக்கையைச் சூழ்ந்த மறைப்பு என்று ஒவ்வொரு தொழிலுக்கும் நிலையத்துக்கும் உரிய துணிகள் இவ்வழிகளிலேயே உருவாயின.

இவ்வளவும் அறிந்த உலகம் எல்லோருக்கும் அதனைப் பகிர்ந்து கொடுத்ததா? இல்லை. அதன் விலையைப் பொதுமக்கள் பலமுறை செலுத்தினர். 1944 ஜூலை 6ஆம் நாள் அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரில் சர்க்கஸ் கூடாரமொன்று தீப்பற்றியது. மழை ஒழுகாதிருக்க அதன் கூரைக்கு மெழுகைப் பெற்றோலில் கரைத்துப் பூசியிருந்தார்கள். பத்து நிமிடத்துக்குள் கூடாரம் முழுவதும் வீழ்ந்தது. 160க்கு மேற்பட்டோர் இறந்தனர். 1995 டிசம்பர் 23ஆம் நாள் இந்தியாவின் ஹரியானா மாநிலத்து மண்டி டப்வாலியில், பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கென இட்ட செயற்கைத் துணிப் பந்தல் தீப்பற்றி 400க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் குழந்தைகள். தமிழகத்திலோ 1997 ஜூன் 7ஆம் நாள் தஞ்சைப் பெருங்கோயிலில் யாகசாலைப் பந்தல் எரிந்தது. 2004ஆம் ஆண்டு ஜனவரியில் திருவரங்கத்தில் திருமணப் பந்தல் எரிந்து மணமகன் உட்படப் பலர் மாண்டனர். அதே ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் பாடசாலைக் கூரை எரிந்து 94 பிள்ளைகள் உயிர் நீத்தனர். துணியோ கீற்றோ, எங்கும் பாடம் ஒன்றே. தலைக்கு மேலிருப்பது எளிதில் பற்றுவதாயின், கீழே இருப்பவர்க்கு ஓட நேரமில்லை.

வாகரையிலிருந்து நோக்கும்போது இவ்வரலாற்றில் ஒரு முரண்பாடு நெஞ்சை உறுத்துகிறது. போர் வீரனின் கூடாரத்துக்குத் தீத்தடுப்பு மருந்து 1940களிலேயே கிடைத்தது. போருக்கு அஞ்சி ஓடிய குடும்பத்தின் கூடாரத்திலோ மழை புகாமையும் உளுக்காமையுமே நெடுங்காலம் முதலிடம் பெற்றன. மருந்தூட்டினால் விலை ஏறும், எடை கூடும், சில வேளை துணியின் வலிமையும் குறையும் என்பது உண்மையே. ஆயினும், வீரனுக்கு விளக்கேற்றப் பாசறை உண்டு. தாய்க்கோ அடுப்பும் விளக்கும் பாயும் ஒரே இடத்தில். யாருக்கு அது அதிகம் வேண்டும்? இப்போது நிலைமை திருந்தியுள்ளது. ஐக்கிய நாடுகள் அகதிகள் நிறுவனமும் செஞ்சிலுவை இயக்கமும் வழங்கும் குடும்பக் கூடாரத்தின் தர விவரத்தில் தீச்சோதனையும் ஒரு விதியாக இடம்பெற்றுவிட்டது. துணியை மட்டும் நம்பியிராமல் முகாம் அமைப்பிலும் ஒழுங்கு வேண்டுமென்று அவர்கள் வற்புறுத்துகின்றனர். இரு கூடாரங்களுக்கிடையே குறைந்தது 2 மீற்றர் வெளி, இயன்றால் கூடாரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு. குடியிருப்பு 300 மீற்றர் நீண்டால் நடுவே 30 மீற்றர் வெற்றிடம். தீ தாண்டமுடியாத அகழி என்று அவ்வெற்றிடத்தைக் கருதலாம்.

இன்று வாகரையில் கல்வீடுகள் எழுந்துவிட்டன, பெருவீதி செப்பமாயிற்று, பாலங்கள் புதியன. தறப்பாள்கள் பெரும்பாலும் மீன் உலர்த்தவும் நெல் மூடவுமே பயன்படுகின்றன. எனினும் துணிக்கும் தீக்கும் உள்ள உறவு முடிந்துவிடவில்லை. திருவிழாக் காலத்தில் கோயில்களில் பந்தல் எழும்பும். பாடசாலையில் கலைவிழா மேடைக்குத் திரை தொங்கும். வைத்தியசாலையில் படுக்கை மறைப்பும் மெத்தை உறையும் என்றும் உண்டு. நகரத்திலிருந்து தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்கோ வழி நெடிது. இத்தகைய ஊர்களில் தீயணைப்பின் முதற் பங்கைத் துணியே செய்தாகவேண்டும்.

பந்தலுக்கு எளிய வழியொன்று இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பந்தல் விதிகளிலே சொல்லப்பட்டிருக்கிறது. அமோனியம் சல்பேற்று 4 பங்கு, அமோனியம் காபனேற்று 2 பங்கு, வெங்காரம் 1 பங்கு, போரிக் அமிலம் 1 பங்கு, படிகாரம் 2 பங்கு. எல்லாம் நிறையளவில் எடுத்து 35 பங்கு நீரிற் கரைத்து, அதில் பருத்திப் பந்தற் சீலையைத் தோய்த்து உலர்த்தவேண்டும். அமோனியம் சல்பேற்று நம் வயற்காரர் பசளையாக அறிந்த பொருளே. செயற்கை இழைத் துணியையும் கயிற்றையும் பந்தலுக்கு ஆளலாகாது என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. இக்கலவை நீரிற் கரைவது. ஒரு மழையில் போய்விடும். வாடைக்கால மழையில் நனைந்த சீலையை மறுபடியும் தோய்க்காமல் கட்டினால், மருந்தூட்டியது என்ற நம்பிக்கை மட்டுமே மிஞ்சும், மருந்து மிஞ்சாது. பாதி நம்பிக்கை முழு ஆபத்து.

வைத்தியசாலைக்கும் பாடசாலைக்கும் திரைச்சீலை வாங்குவோர், அது எந்தச் சோதனையில் தேறியது, எத்தனை சலவை வரை தன் குணத்தைக் காக்கும் என்று கடைக்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்குதல் நன்று. சலவையிலும் கவனம் வேண்டும். கடலோரக் கிணற்று நீர் பெரும்பாலும் உவர்ப்பும் கடினமும் உடையது. அத்தகைய நீரில் சவர்க்காரமிட்டுத் துவைத்தால், சவர்க்காரத்தின் படிவு இழைமீது தங்கிவிடும். அப்படிவே தீக்கு உணவாகும். நிறம் வெளுக்கும் காரமும் சில மருந்துகளைக் கெடுத்துவிடும். ஆகவே நன்றாக அலசுவதும், துணியோடு வரும் சலவைக் குறிப்பைக் கிழித்தெறியாமல் வைத்திருப்பதும் உயிர் காக்கும் செயல்களே.

தீத்தடுப்பு என்று பெயர் பெற்ற மருந்தெல்லாம் நல்லதும் அன்று. அமெரிக்காவிலே குழந்தைகளின் இரவு உடைகளுக்கு ஊட்டிய ‘டிரிஸ்’ என்னும் புரோமின் சேர்ந்த மருந்து புற்றுநோய்க்கு ஏதுவாகலாமென அறியப்பட்டு 1977இல் தடைசெய்யப்பட்டது. தீயிலிருந்து காக்க வந்தது தோலின் வழியே தீங்கு செய்யுமானால் என்ன பயன்? உடலோடு ஒட்டும் உடைக்கும் படுக்கைக்கும் ஒரு முறை. தலைக்கு மேல் தொங்கும் பந்தலுக்கும் திரைக்கும் வேறொரு முறை. இந்த விவேகமும் அறிவியலின் ஒரு பகுதிதான்.

அலையும் போரும் வாகரையைத் தேடி வந்தன. மக்கள் அவற்றைத் தேடிப் போகவில்லை. இனியொரு புயலோ வெள்ளமோ இக்கரையை அணுகாது என்று எவரும் உறுதி கூற இயலாது. அன்று மீண்டும் கூடாரம் வரும். வரும்போது, எத்தனை கூடாரம் என்று எண்ணுவதோடு நின்றுவிடாமல், எத்தகைய துணி என்றும் கேட்கும் துணிவு அதனைப் பெறுவோர்க்கு வேண்டும். நிவாரணப் பட்டியல் எழுதும் உத்தியோகத்தர் அந்த ஒரு வரியைச் சேர்க்கவேண்டும். பாரிஸ் நகரத்து நாடகத் திரைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன் கிடைத்த பாதுகாப்பு, வாகரைக் கரையிலே உறங்கும் ஒரு குழந்தையின் தலைக்கு மேலும் இருக்கவேண்டும் என்று கேட்பது பேராசையன்று, அதன் உரிமை.